காரில் பெயிண்ட் போகாத சொட்டை: வீட்டிலேயே எடுக்கலாமா, பட்டறைக்கு விடணுமா?

பெருமாள்புரம்_கார்

எல்லாருக்கும் வணக்கம். நம்மது வெள்ளை ஹேட்ச்பேக், செகண்ட் ஹாண்டா வாங்குனது. இப்போ மூணு இடத்துல அடி.

இடது பின் டோர் நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. பாளை மார்க்கெட் பக்கம் நிறுத்தியிருந்தப்போ ஏதோ பைக் சாய்ஞ்சிருக்கு. ஆழம் கம்மி, பெயிண்ட் போகல. அடுத்து பின் பம்பரோட வலது மூலை. வீட்டு கேட் தூண்ல பட்டு உள்ள அமுங்கிட்டு. மூணாவது, பின் சக்கரத்துக்கு மேல உள்ள வளைவுல ஒரு ரூபா அளவு பெயிண்ட் பேர்ந்து லேசா பழுப்பு தெரியுது.

பட்டறையில காட்டுனேன். "டோருக்கும் வளைவுக்கும் பட்டி போட்டு ஃபுல் பேனல் அடிச்சிருவோம், பம்பரை மாத்திருவோம்"ங்காங்க. (பட்டின்னா பள்ளத்தை நிரப்பித் தேய்க்கிற பூச்சு.) ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பிடிச்சுப் பழக்கம் உண்டு. இதுல எது வீட்டு வேலை, எது பட்டறை வேலை? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை_டிங்கர்

தம்பி, மூணும் மூணு வேலை. ஒண்ணாச் சேத்து ஒரே ரேட்டா பேசாதீங்க.

மொதல்ல டோர். நகத்தை வச்சு சொட்டை மேல பையத் தேய்ச்சுப் பாருங்க. எங்கயும் மாட்டலைன்னா பெயிண்ட் முழுசா இருக்கு. பொறவு ராத்திரி ட்யூப் லைட்டுக்குக் கீழ வண்டியை நிறுத்தி, கொஞ்சம் சாய்வா நின்னு பாருங்க. லைட்டு டோர் மேல ஒரு கோடா விழும்லா, அந்தக் கோடு எங்க வளைய ஆரம்பிக்கோ அதுதான் சொட்டையோட எல்லை. நீங்க பகல்ல பாக்குறதை விட அகலமாத்தான் இருக்கும். கோடு மெதுவா வளைஞ்சு மெதுவா நேரானா கை வச்சுப் பாக்கலாம். வெடுக்குன்னு ஒடிஞ்சு தெரிஞ்சா தகடு மடிஞ்சிருக்கு. மடிஞ்ச இடத்துல இரும்பு இழுபட்டு நீண்டிருக்கும், அதை வீட்ல வச்சு நேராக்குறது கஷ்டம். டோர்ல நீளமா ஓடுற மடிப்புக் கோட்டு மேல சொட்டை ஏறியிருந்தாலும் அதே கதைதான்.

பெயிண்ட் நல்லா இருக்கிற சொட்டைக்கு யாரு பட்டி போடணும்னு சொன்னாலும் ஒத்துக்கிடாதீங்க. பட்டி பிடிக்கணும்னா கீழ இருக்கிற பெயிண்டைத் தேய்ச்சு எடுக்கணும். கம்பெனி பெயிண்டை எடுத்துட்டா திரும்பக் கிடைக்காது. நான் டிங்கரிங் வேலைக்காரன், எனக்கு வர்ற வேலையைக் கெடுத்துக்கிட்டுத்தான் இதைச் சொல்லுதேன்.

அம்பை_வேதியியல்

அண்ணாச்சி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பெயிண்ட் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியில் வண்டிக்கூட்டை முழுசாகத் தொட்டிக்குள் இறக்கி, மின்சாரம் செலுத்தி முதல் பூச்சை ஏற்றுவார்கள். கதவின் உட்பக்கம், மடிப்பு, இடுக்கு என்று கை நுழையாத இடத்திலும் அது படியும். கனம் சுமார் 20 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). துருவைத் தடுப்பது முக்கியமாக அந்தப் பூச்சுதான். அதன் மேல் பிரைமர் (கலருக்கு அடிப்பூச்சு), கலர், கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு). எல்லாம் சேர்ந்தாலே 100 முதல் 150 மைக்ரானுக்குள் முடிந்துவிடும். முதல் பூச்சை 160 டிகிரிக்கும் மேலே சுட்டு எடுக்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடு காட்ட முடியுமா? ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் போய்விடும். நல்ல பெயிண்ட் பூத் உள்ள பட்டறையில்கூட ஹார்ட்னர் (இறுக வைக்கும் வேதிப்பொருள்) கலந்த பெயிண்டை அடித்து, சுமார் 60 டிகிரியில்தான் காய வைக்கிறார்கள். பளபளப்பில் வித்தியாசம் தெரியாமல் செய்ய முடியும். அடியில் இருக்கிற காவலைத் திருப்பித் தர முடியாது.

ஜங்ஷன்_ரைடர்

இவ்வளவு எதுக்கு? ஹேர் டிரையர்ல நல்லா சூடாக்கி, ஐஸ் கட்டியை வச்சா டப்புன்னு வெளிய வந்துரும்னு நிறைய வீடியோ இருக்கே. அதுவும் நம்ம ஊரு வெயில்ல டிரையரே வேண்டாம்லா.

அம்பை_வேதியியல்

தம்பி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.012 மில்லிமீட்டர் விரியும். சொட்டை 10 சென்டிமீட்டர் அகலம், சூட்டுக்கும் ஐஸுக்கும் வித்தியாசம் 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அசைவு 0.07 மில்லிமீட்டர். அதை வைத்து நசுங்கின தகடு நிமிராது. வீடியோவில் டப்பென்று வருவது, தகடு மடியாமல் வெறுமனே உள்ளே குழிந்து நிற்கிற சொட்டை. அது பின்னால் இருந்து உள்ளங்கையால் தள்ளினாலே வந்துவிடும்.

பேட்டை_டிங்கர்

சரியாச் சொன்னீங்கம்மா. வெளித்தகடு பொதுவா 0.7 மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும். ஆனா அது அடி வாங்கி உக்காந்துட்டா, உக்காந்த வடிவத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

இதுல எல்லாரும் விடுற இடம் ஒண்ணு இருக்கு. சொட்டைன்னா பள்ளத்தை மட்டும்தான் பாக்காங்க. பள்ளத்தைச் சுத்தி ஒரு வரப்பு லேசா மேல தூக்கி நிக்கும். விரலை வச்சுத் தடவுனா தெரியும். அந்த வரப்புதான் பள்ளத்தைப் பூட்டி வச்சிருக்கு. வீட்ல பித்தளைக் குடம் ஒடுங்கிப் போனா பாத்திரக்காரர் என்ன செய்வாரு? நேரா நடுப்பள்ளத்தைக் குத்தமாட்டாரு, ஓரத்துல இருந்து சுத்திச் சுத்தித் தட்டிக்கிட்டே வருவாரு. இங்கயும் அதே முறைதான். வெளிய வரப்பைப் பைய இறக்கணும், உள்ள பள்ளத்தைப் பைய ஏத்தணும், ரெண்டும் மாத்தி மாத்தி. நடுவுல மட்டும் அழுத்துனா நடு பரு மாதிரி புடைச்சுக்கும், சுத்தி வளையமா பள்ளம் அப்படியே நிக்கும். சக்‌ஷன் கப் வச்சு வெடுக்குன்னு இழுத்த டோரெல்லாம் இப்படித்தான் பட்டறைக்கு வருது.

உள்ள இருந்து தள்ளணும்னா டோர் பேடை, அதாவது டோரோட உள்பக்க மூடியைக் கழட்டணும். பேட்டரி நெகட்டிவை மொதல்ல எடுத்திருங்க. கண்ணாடியை அதுக்கு முன்னாடியே முழுசா ஏத்தி விட்டுருங்க. பேடுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காம ஒரு ஓரத்தை மட்டும் உரிச்சு எடுங்க, முடிச்சுட்டு இடைவெளி இல்லாம திரும்ப ஒட்டுங்க. மழைத்தண்ணி கண்ணாடி வழியா டோருக்குள்ள இறங்கத்தான் செய்யும், அது கால்மிதிக்கு வராம தடுக்கிறது அந்த ஷீட்தான். ஐப்பசி மழையில "தண்ணி எங்க இருந்து வருதுன்னே தெரியல"ன்னு வர்ற வண்டியில பாதிக்கு இதுதான் காரணம்.

உள்ள குறுக்க ஒரு கெட்டிக் கம்பி ஓடும், பக்கவாட்டு மோதலுக்கு வச்சது. அதுல முட்டுக்கொடுத்து நெம்பக் கூடாது. சுத்தியல் பிடி மாதிரி உருண்டையான மர நுனியில துணி சுத்தி, ஆள் ஒருத்தரை வெளிய லைட் கோட்டைப் பாக்கச் சொல்லி, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க.

பெருமாள்புரம்_கார்

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ட்யூப் லைட்ல பாத்தேன், கோடு ஒடியல. ஆனா பேடைக் கழட்ட யோசனையா இருக்கு, கிளிப் ஒடிஞ்சா தனியாக் கிடைக்குமான்னு தெரியல. வெளிய இருந்தே பசை போட்டு இழுக்கிற கிட் ஒண்ணு ஆன்லைன்ல இருக்கே, அது எப்படி?

களக்காடு_டயர்

அந்தக் கிட் உருப்படியான சாமான்தான், நான் சொந்த வண்டிக்குப் பயன்படுத்துதேன். ஆனா முதல் கேள்வி: உங்க டோர் கம்பெனி பெயிண்டா, ஏற்கெனவே அடிச்சதா? செகண்ட் ஹாண்ட் வண்டின்னீங்க. மேல அடிச்ச பெயிண்டா இருந்தா பசையோட சேந்து பெயிண்டும் உரிஞ்சு வர வாய்ப்பு இருக்கு.

கண்டுபிடிக்கிறது லேசு. டோர் ரப்பர் பீடிங்கை விலக்கி ஓரத்துல பாருங்க, டேப் ஒட்டி அடிச்ச விளிம்பு தெரியும். கீல்ல இருக்கிற போல்ட் தலையில ஸ்பானர் பட்ட தடம் இருக்கா பாருங்க. சின்ன காந்தத்தை மெல்லிசுத் துணியில பொதிஞ்சு பேனல் பூரா நகத்துங்க. ஓரிடத்துல பிடி தளர்ந்தா அங்க பட்டி இருக்கு.

ஒரிஜினல்னா இப்படிச் செய்யுங்க. சோப்பு போட்டுக் கழுவி, மெழுகு, பாலிஷ் எதுவும் இல்லாம ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வச்சுத் துடையுங்க. பசையைச் சூட்டுல உருக்கி பிளாஸ்டிக் பொத்தான்ல தடவி சொட்டையில ஒட்டி, கை வச்சா வெதுவெதுப்பே இல்லாத அளவு ஆற விடுங்க. இழுக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. பொத்தானைக் கழட்ட ஓரத்துல ஆல்கஹால் விட்டா தானா விட்டுரும், கத்தி வச்சுச் சுரண்டாதீங்க. கொஞ்சம் கூடுதலா மேல வந்துட்டா, கிட்ல இருக்கிற பிளாஸ்டிக் குச்சியால வரப்பைத் தட்டி இறக்குங்க. வெயில் ஏறுன பேனல்ல பசை இறுகாது, அதனால காலையில நிழல்ல செய்யுங்க.

பெருமாள்புரம்_கார்

பாத்துட்டேன். டோர் ஒரிஜினல்தான். ஆனா அந்தப் பின் சக்கர வளைவுப் பக்கம் காந்தம் ஒரு இடத்துல பிடிக்கவே மாட்டேங்குது.

உவரி_உப்புக்காத்து

அப்போ அந்த ஒரு ரூபா இடத்தைத்தான் நீங்க மொதல்ல பாக்கணும். டோர் சொட்டை இன்னும் ஒரு வருசம் இருந்தாலும் டோருக்கு ஒண்ணும் ஆகாது. இரும்பு வெளிய தெரியுற இடம் அப்படி இல்ல, தெனமும் உள்ள பரவும்.

எங்க ஊர்ல வண்டி வச்சிருக்கவனுக்கு இது நல்லாவே தெரியும். கடல் காத்து ஒரு பக்கம், தேரிச் செம்மணல் வந்து சக்கர வளைவுக்குள்ள அப்பி ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறது இன்னொரு பக்கம், கழுவுறதுக்குக் கெடைக்கிற போர் தண்ணியும் உப்பு. வெளிய ஒரு ரூபா அளவு பழுப்பு தெரிஞ்சா, பெயிண்டுக்குக் கீழ அதை விடப் பெரிய வட்டம் ஊர்ந்திருக்கும். பட்டி போட்ட இடம்னா இன்னும் மோசம், ஏன்னா பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவுல அது பாட்டுக்கு ஓடும்.

செய்ய வேண்டியது: உப்பி நிக்கிற பெயிண்டை எல்லாம் பேத்து எடுங்க, நல்லா ஒட்டியிருக்கிற ஓரம் வர்ற வரைக்கும். 80 நம்பர் உப்புத்தாள் வச்சு தகடு வெள்ளி மாதிரி பளிச்சுன்னு ஆகுற வரை தேய்ங்க. குழிக்குள்ள கறுப்புப் புள்ளி நின்னா துருவை மாத்தி நிறுத்துற மருந்து (ரஸ்ட் கன்வர்ட்டர்) ஒண்ணு தடவி, டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் விடுங்க. பொறவு தின்னர் வச்சுத் துடைச்சு, அன்னைக்கே எப்பாக்ஸி பிரைமர். "நாளைக்கு அடிச்சிக்கிடலாம்"னு பளிச்சுன்னு இருக்கிற தகட்டை ராத்திரி வெளிய விடாதீங்க. கண்ணுக்குத் தெரியாம காலையிலேயே ஆரம்பிச்சிரும். சக்கர வளைவோட உள்பக்க மடிப்பையும் விரல் விட்டுப் பாத்துக்கோங்க. தகடு பொத்தல் விழுந்திருந்தா நிறுத்திருங்க, அது வெல்டிங் வேலை.

பெருமாள்புரம்_கார்

பழைய பட்டியை எல்லாம் எடுத்தாச்சு. நல்லவேளை, பொத்தல் இல்ல. பிரைமர் தொட்டு வச்சிட்டேன். இப்போ அந்த இடம் லேசா பள்ளம். மேல பட்டி போட்டு, வாட்டர் பேப்பர் வச்சுத் தண்ணி ஊத்தித் தேய்க்கணும்லா? ஊர்ல எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தானே செய்யுதாங்க.

அம்பை_வேதியியல்

தண்ணீர் வேண்டாம், தயவுசெய்து. பட்டி என்பது பாலியஸ்டர் பிசினில் டால்க் பொடி கலந்தது. காய்ந்த பிறகும் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு மேலே பிரைமர் அடித்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெயிலில் வண்டி நிற்கும்போது கொப்புளமாக எழும்பும். உங்கள் வண்டியில் பழைய பட்டிக்குக் கீழே துரு ஓடியதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

பேட்டை_டிங்கர்

அம்மா, இதுல நான் முழுசா ஒத்துப்போக முடியாது. எங்க ஆசான் காலத்துல இருந்து தண்ணி விட்டுத் தேய்ச்ச வண்டிங்க இன்னைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. தேய்ச்சு முடிச்சு நல்ல வெயில்ல முழு நாள் காய விட்டா ஒண்ணும் ஆகாது. சித்திரை வெயிலுக்கு ஈரம் எங்க நிக்கும்?

அம்பை_வேதியியல்

அண்ணாச்சி, முழு நாள் காய விடுகிற பொறுமை உங்களுக்கு இருக்கிறது. சாயங்காலம் வண்டியைக் கொடுக்க வேண்டிய பட்டறையில் யார் விடுகிறார்கள்? கார்த்திகை மாதம் செய்தால் எந்த வெயில்? காய்வதை நம்பி ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தால், வீட்டில் செய்பவர் அந்தக் காய வைப்பதைத்தான் முதலில் கைவிடுவார்.

பேட்டை_டிங்கர்

அது நியாயம்தான். இப்போ எங்க பட்டறையில பையங்க பட்டியை உலர்வாத்தான் தேய்க்காங்க, 80, 180, 320ன்னு. தண்ணி, மேல சர்ஃபேசர் (பட்டிக்கு மேல அடிக்கிற பிரைமர்) அடிச்சு காய்ஞ்ச பொறவுதான். நெறையப் பேரு தண்ணி விடுறதுக்குக் காரணம் தூசிதான். உலர்வாத் தேய்ச்சா மாவு மாதிரி பறக்கும், நெஞ்சுல போயி அடைக்கும். அதனால தம்பி, நல்ல மாஸ்க் மூக்கு மூடுற மாதிரி போட்டுக்கோங்க, கைக்குட்டை பத்தாது. கட்டைக்கு மேல உப்புத்தாளைச் சுத்தித் தேய்ங்க, வெறும் விரலை வச்சுத் தேய்ச்சா விரல் தடம் பள்ளமா விழும்.

பட்டிக்கு ஹார்ட்னர் சுமார் 2 சதம். கூடப் போட்டா சீக்கிரம் காயும்னு நெனைச்சு அள்ளிப் போடாதீங்க, மேல அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட்ல மஞ்சளாக் கறை ஏறும். நம்ம ஊரு வெயிலுக்கு கலந்த கொஞ்ச நிமிஷத்துலயே இறுகிரும், அதனால எலுமிச்சை அளவு கலந்து போட்டு, பொறவு அடுத்ததைக் கலங்க. கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. அதுக்கு மேல பள்ளம்னா தகட்டை நிமித்தாம பட்டியால மூடப் பாக்குதோம்னு அர்த்தம்.

வள்ளியூர்_காத்தாடி

கலர் அடிக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஆனி, ஆடியில எங்க பக்கம் வெளிய வச்சு ஸ்ப்ரே கேன் தூக்கவே தூக்காதீங்க. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து பனகுடி, வள்ளியூர்ல மண்ணை வாரிக்கிட்டு வரும். பாளையிலயும் தூசி கம்மி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில வேற தொல்லை, காத்துல ஈரம் கூடி பெயிண்ட் வெள்ளை பூத்து மங்கலாயிரும். தை, மாசியில காலை நேரம், தரையில தண்ணி தெளிச்சு தூசியை அடக்கிட்டு, நிழல்ல செஞ்சா நல்லா வரும். கலர் நம்பர் வண்டியில ஒட்டியிருக்கிற தகட்டுல இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்க. வெறும் "வெள்ளை"ன்னு கேட்டா நூறு வெள்ளை இருக்கு.

அம்பை_வேதியியல்

ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட்டை மட்டும் வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், சாதாரணத் துணி மாஸ்க் தடுக்காது. ஒரு ரூபா அளவு இடத்துக்கு டச்சப் பிரஷ்ஷே போதும். மெல்லிசாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது.

பெருமாள்புரம்_கார்

புரிஞ்சுதுக்கா. பம்பர் பத்தி யாரும் சொல்லலையே? கொதிக்கிற தண்ணியை ஊத்துனா வந்துரும்ங்காங்க, அதுவும் ஐஸ் கதை மாதிரியா?

களக்காடு_டயர்

அது நிஜம். பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். உள்பக்கம் பிபி-ன்னு எழுத்து வார்த்திருக்கும். சூடானா இளகும், பழைய வடிவத்துக்குத் திரும்பப் பாக்கும். சக்கர வளைவுப் பக்கம் உள்ள கிளிப்பை எடுத்துட்டு கை போகுதான்னு பாருங்க. ரிவர்ஸ் சென்சார் ஒயர் அங்க ஓடுதான்னும் பாத்துக்கோங்க. கையில கெட்டி உறை போட்டுக்கிட்டு, கொதிக்கிற தண்ணியை சொட்டை முழுக்கவும் அதைச் சுத்தியும் பைய ஊத்துங்க, ஒரே இடத்துல ஊத்தாதீங்க. ஒருத்தர் ஊத்த, ஒருத்தர் உள்ள இருந்து தள்ளணும். வடிவம் வந்த உடனே பிடிச்சுக்கிட்டே பச்சைத் தண்ணியை ஊத்தி ஆற வச்சிருங்க. பிள்ளைங்களைப் பக்கத்துல விடாதீங்க.

மேல ஏற்கெனவே பட்டி போட்ட பம்பர்னா, தள்ளும்போது பெயிண்ட் வெடிக்கும். பொறவு பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தா பிளாஸ்டிக்குக்குன்னு உள்ள பிரைமர் கட்டாயம், இல்லேன்னா தோல் மாதிரி உரிஞ்சு வரும்.

தச்சநல்லூர்_பாலிசி

வேலை முறை நல்லாப் பேசுறீங்க. நான் இன்ஷூரன்ஸ் பக்கம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். சின்ன சொட்டைக்கு க்ளெய்ம் போடுமுன்ன கணக்குப் பாருங்க. க்ளெய்ம் இல்லாத போனஸ், அதாவது பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, முதல் வருசம் 20 சதம், அப்புறம் 25, 35, 45, 50ன்னு ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டா அடுத்த புதுப்பித்தல்ல அது பூஜ்யத்துக்கு வந்துரும். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் கட்டாயமா 1000 ரூபா நம்ம கையில இருந்து, அதுக்கு மேலன்னா 2000. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்காத பாலிசியா இருந்தா பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான்ல பாதி விலை கழிச்சுத்தான் தருவாங்க, பெயிண்ட் சாமானுக்கும் பாதி. இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி, பட்டறை சொன்ன ரேட்டுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

பெருமாள்புரம்_கார்

பம்பர் வந்துட்டு. கிளிப் ரெண்டு மாத்த வேண்டியிருந்துச்சு, மத்தபடி இடிபட்ட இடம் தேடித்தான் கண்டுபிடிக்கணும். டோரும் முக்கால்வாசி நேராயிட்டு. நடுவுல ஒரு சுண்டு விரல் நுனி அளவுக்கு மட்டும் ட்யூப் லைட்ல ஒரு நெளிவு தெரியுது. பகல்ல தெரியல. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாக்கட்டா?

பேட்டை_டிங்கர்

போதும், நிறுத்திருங்க. அந்த மிச்சம்தான் பைக் ஹேண்டில் நேராப் பட்ட புள்ளி, அங்க தகடு கொஞ்சம் இழுபட்டிருக்கும். அதை இழுக்க இழுக்க மேல புடைக்கும், தட்டத் தட்டப் பக்கத்துல எழும்பும். ராத்திரி லைட்ல மட்டும் தெரியுற நெளிவுக்காக நல்ல பெயிண்டைப் பணயம் வைக்காதீங்க. மனசு கேக்கலைன்னா, பெயிண்ட் தொடாம சொட்டை எடுக்கிறவங்க கிட்ட அந்த ஒரு புள்ளியை மட்டும் காட்டுங்க.

பாபநாசம்_மேலணை

இடையில வாறேன், மன்னிச்சுக்கோங்க. கோயிலுக்கு வந்து நிறுத்தியிருந்த காரு, மரத்துல இருந்து குரங்கு கூரையில குதிச்சு ரெண்டு இடத்துல அமுங்கிக் கெடக்கு. கை வச்சு அழுத்துனா டொக்கு டொக்குன்னு உள்ள போயி வெளிய வருது. இதுக்கும் பசைக் கிட்டா?

பேட்டை_டிங்கர்

ஐயா, கூரையை வீட்ல தொடாதீங்க. பெரிய அகலம், நடுவுல தாங்கு கம்மி. டொக்குன்னு உள்ள வெளிய போகுதுன்னா தகடு தளர்ந்துட்டு, அதுல பசை போட்டு இழுத்தா நீங்க இழுக்கிற பக்கமெல்லாம் வந்துட்டு வேற இடத்துல அமுங்கும். உள்ள இருந்து செய்யணும்னா கூரைத் துணியை இறக்கணும், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில அது ஓரத்துலதான் மடிச்சு வச்சிருக்கும். பெயிண்ட் தொடாம எடுக்கிற ஆளுதான் இதுக்குச் சரி. கேக்கும்போது "பட்டி இல்லாம முடியுமா, கூரைத் துணியை யாரு இறக்குவா"ன்னு ரெண்டையும் கேட்டுக்கோங்க. அதுவரைக்கும் அழுத்தி அழுத்திப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் தகடு இன்னும் தளரும். குரங்கு நகம் பட்டு எங்கயாச்சும் பெயிண்ட் கீறி இரும்பு தெரிஞ்சா மட்டும் இன்னைக்கே பிரைமர் தொட்டு வைங்க, அமுங்குன குழியிலதான் மழைத்தண்ணி நிக்கும்.